துண்டுச் சீட்டில் வந்த பாட்டு

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா முடிகிற இரவு பாட்டுக் கச்சேரி நடக்கும். டவுனிலிருந்து லாரியில் டிரம் செட்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்து இறங்கும். மேடை என்பது எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் பலகை பரப்பியது. முதலில் இரண்டு பக்திப் பாட்டு. அது ஆத்தாளுக்கு. பிறகு துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போக ஆரம்பிக்கும். சிகரெட் பெட்டியின் உள் அட்டை, பள்ளி நோட்டில் கிழித்த தாள், சம்பளச் சீட்டின் பின்பக்கம் என்று எதிலும் எழுதுவார்கள். பாட்டின் முதல் இரண்டு வார்த்தை, கேட்கிறவர் பெயர், அவர் குடியிருக்கும் லயத்து வரிசை. சில சீட்டுகளில் யாருக்காகக் கேட்கிறார் என்பதும் இருக்கும். அதை அறிவிப்பாளர் படிக்கலாமா வேண்டாமா என்று மேடையிலேயே ஆலோசனை நடக்கும்.

எண்பதுகளில் நான் பார்த்த கச்சேரிகளில் 'எங்கேயும் எப்போதும்' கேட்டு ஒரு சீட்டாவது வராமல் இருந்ததில்லை. அறிவிப்பாளர் வாசித்து முடிக்குமுன்பே டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கையில் எடுத்துவிடுவார். அதுவரை பாய் விரித்துப் படுத்திருந்த பிள்ளைகளும் எழுந்து நிற்கும்.

மேலை நாட்டில் ஒரு ராக் பாட்டு எப்படி வெற்றி பெற்றது என்று எழுதுகிறவருக்கு வேலை சுலபம். அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாக என்றைக்கு வெளிவந்தது, தரவரிசையில் எத்தனையாவது இடத்தில் ஏறியது, எத்தனை வாரம் அங்கே இருந்தது, எத்தனை தட்டு விற்றது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தமிழில் அந்த வழக்கம் வேர்விடவில்லை. நம் பாட்டு படத்தோடு பிறக்கும். இசைத்தட்டு வந்தாலும் அதன் அட்டையில் இருப்பது படத்தின் பெயர்தான். வாரந்தோறும் வெளியாகும் விற்பனைப் பட்டியல் என்று எதுவும் நம்மிடம் கிடையாது. அப்படியிருக்க, தமிழில் ஒரு ராக் பாட்டு வெற்றி பெற்றது என்று எதை வைத்துச் சொல்வது? மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த எனக்குத் தெரிந்த அளவுகோல் அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான். அதை வைத்தே இந்தப் பாட்டின் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

'எங்கேயும் எப்போதும்' இடம்பெற்ற படமான 'நினைத்தாலே இனிக்கும்' 1979 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில் வெளிவந்தது. இயக்கம் கே. பாலசந்தர். கதை சுஜாதா. பாட்டெல்லாம் கண்ணதாசன், இசை எம். எஸ். விஸ்வநாதன். சென்னையிலிருந்து ஓர் இசைக்குழு சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகிறது. அதில் பாடகன் சந்துருவாகக் கமல்ஹாசன், நண்பன் தீபக்காக ரஜினிகாந்த். சந்துரு காதலிக்கும் சோனாவாக ஜெயப்ரதா. அவளுக்குத் தீராத நோய். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். படம் நெடுகப் பாட்டு. பாட்டுக்கு இடையில் கொஞ்சம் கதை. பாலசந்தரின் மற்றப் படங்களில் உள்ள குடும்பச் சிக்கல் இதில் அனேகமாக இல்லை. தெலுங்கிலும் 'அந்தமைன அனுபவம்' என்ற பெயரில் அதே மாதம் வந்தது.

இதற்கு நான்கு மாதம் முன்னால், 1978 டிசம்பரில், 'ப்ரியா' வந்திருந்தது. அதுவும் சுஜாதா கதை. அதிலும் ரஜினி, அதிலும் சிங்கப்பூர். அந்தப் படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்திருந்தார். தமிழுக்கு அது புதுசு. 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் ஜப்பானையும் காட்டியபோது நம் மக்கள் வெளிநாட்டை எம்.ஜி.ஆரோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். 1978, 79 படங்கள் வேறு. மலாக்காக்காரருக்குச் சிங்கப்பூர் வெளிநாடே இல்லை. ஜொகூரைக் கடந்தால் பாலம். சித்தப்பா மகன் அங்கே கட்டட வேலையில் இருப்பான். தீபாவளிக்கு வரும்போது கேசட் ரேடியோ தூக்கிக்கொண்டு வருவான். திரையில் ஆர்ச்சர்ட் ரோடு வந்ததும் கொட்டகையில் யாராவது ஒருவர் 'இந்த இடத்துல நான் நின்னுருக்கேன்' என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. ராக் இசைக்காரன் என்றால் நீள முடி. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் நீள முடி குற்றத்துக்குப் பக்கத்து வீடு. முடி வளர்த்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பே மாட்டியிருந்தார்கள். 1972இல் லெட் செப்பலின் குழு கச்சேரி செய்ய வந்தபோது முடியை வெட்டாமல் ஊருக்குள் விடமாட்டோம் என்று சொல்ல, அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரைத்தான் ஒரு தமிழ்ப் படம் பாட்டுக்காரர்களின் சொர்க்கமாகக் காட்டியது. கமலுக்கும் ரஜினிக்கும் காதை மூடிய முடி. அங்கே ஏதாவது ஓர் அலுவலகத்தில் அவர்கள் கடைசி வரிசையில் நின்றிருப்பார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மலேசியாவும் இதில் பின்வாங்கவில்லை. 1992இல் தகவல் அமைச்சர் முன்னிலையில் 'சர்ச்' (Search) ராக் குழுவின் ஏமியும் 'விங்ஸ்' ராக் குழுவின் அவியும் தொலைக்காட்சியிலேயே முடி வெட்டிக்கொண்டார்கள். ராக் என்றால் முதலில் தலைமுடிதான் பிரச்சினை, சத்தம் அப்புறம்.

1979இல் எம்.எஸ்.வி.யின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 'அன்னக்கிளி' வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இளையராஜாவின் பாட்டு எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது. எம்.எஸ்.வி.க்கு அப்போது வயது 50, கண்ணதாசனுக்கு 51. இருவருக்கும் பிறந்தநாள் ஜூன் 24, வருடம்தான் ஒன்று வித்தியாசம். உலகம் முழுக்க 'சாட்டர்டே நைட் ஃபீவர்' பாட்டுகளும் 'அப்பா' (ABBA) குழுவின் பாட்டுகளும் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், நீள முடிப் பையன்கள் மேடையேறிப் பாடும் பாட்டுகளை எழுதி இசையமைக்க வேண்டிய வேலை இந்த இரு ஐம்பது வயதுக்காரர்களுக்கு வந்தது. பாடிய எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு 32. கண்ணதாசன் 1981 அக்டோபரில் சிகாகோவில் இறந்தார். அவருடைய கடைசி வருடங்களின் வேலைகளில் இந்தப் படம் ஒன்று. அவருடைய தத்துவப் பாட்டுகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. அது அநியாயம். துள்ளல் தாளத்தில் உட்காரும் சொற்களைத் தமிழில் கண்டுபிடிப்பது வேதாந்தம் எழுதுவதைவிட எளிய வேலையாக எனக்குத் தெரியவில்லை.

எம்.எஸ்.வி.க்கு மேலை இசை புதிதும் இல்லை. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு வேலை கேட்டுப் போராடுகிறவர்களின் பாட்டை ராமமூர்த்தியோடு சேர்ந்து ட்விஸ்ட் தாளத்தில் போட்டவர்தானே. அவருடைய வாத்தியக் குழுவில் ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர் எல்லாம் இருந்தார்கள். ஆனால் அதற்கு முன் அந்தத் தாளம் எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தால் கிளப் நடனம், கேலி, கல்லூரிக் கலாட்டா, வில்லனின் விருந்து. மேலை வாத்தியம் கேட்டால் திரையில் ஏதோ தவறு நடக்கப்போகிறது என்று தோட்டத்துப் பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். 'எங்கேயும் எப்போதும்' பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கதாநாயகனின் தொழிலே அதுதான். மேடையில் நிற்பதும் பாடுவதும் கூட்டத்தை ஆட வைப்பதும் அவனுக்கு வேலை. பாட்டின் கருத்தும் அதற்கு மேல் போவதில்லை. எங்கே போனாலும் இசை உண்டு, சந்தோஷம் உண்டு, இளமையில் அனுபவித்துக்கொள். இவ்வளவே.

இங்கேதான் அந்தப் பாட்டின் சூட்சுமம் இருப்பதாக நினைக்கிறேன். எம்.எஸ்.வி.யின் புகழ்பெற்ற பாட்டுகளை ஒரு தோட்டத்துக் குழு மேடையில் வாசித்தால் பாதி காணாமல் போகும். வயலின் கூட்டம், புல்லாங்குழல், சிதார், ஷெனாய் என்று அவர் எழுதியதெல்லாம் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு எட்டாது. கீபோர்டில் ஒருவர் எல்லாவற்றையும் சமாளிக்கப் பார்ப்பார். கேட்கிறவர்களும் பெரிய மனசோடு மன்னிப்பார்கள். 'எங்கேயும் எப்போதும்' திரையில் ஓர் இசைக்குழு வாசிப்பதாகக் காட்டப்பட்ட பாட்டு. பதிவுக்கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அதன் எலும்புக்கூடு டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், ஊதுகுழல், ஒரு குரல். ஊதுகுழலைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். கற்பனைக் குழுவுக்காகக் கட்டிய பாட்டு என்பதாலேயே அது நிஜக் குழுக்களின் கைக்கு அடங்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. தோட்டத்துக் குழுக்களுக்குப் பெண் பாடகி கிடைப்பது குதிரைக் கொம்பு. வயசுப் பிள்ளையை ராத்திரி லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? வந்தாலும் கூடவே அண்ணனோ மாமாவோ வருவார். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கல்யாணம் ஆனதும் அந்தக் குரலும் நின்றுவிடும். அதனால் ஜோடிப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வந்தால் அது அடியில் போகும். ஓர் ஆண் குரல் மட்டுமே பாடி முடிக்கக்கூடிய, அதே சமயம் கூட்டத்தை எழுப்பக்கூடிய பாட்டு குழுவுக்குச் சோறு போடும். இந்தப் பாட்டு அந்த வகை.

நான் சொல்லும் மண்ணைப் பற்றியும் கொஞ்சம். மலாயாவில் ரப்பரை வியாபாரமாகப் பயிர் செய்தது மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் டான் சாய் யான் என்ற பாபா சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் தூண்டுதலில், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் கன்று வைத்தார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் விரித்தார். அந்த மரங்களுக்குப் பின்னால்தான் லயங்கள், ஸ்டோர், பெரட்டுக் களம், தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் வந்தன. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, இருட்டோடு பால் வெட்டு, மத்தியானத்துக்குள் பால் நிறுத்து முடிந்தால் பிற்பகல் நம்முடையது. அந்தப் பிற்பகலில் தோட்டத்துக்கு ஒரே துணை ரேடியோ. ஜெனரேட்டர் கரண்டு மாலையில் மட்டும் வரும் தோட்டங்களில் ரேடியோவுக்குப் பேட்டரிதான். மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவில் நேயர் விருப்பம் போகும்போது ஒரு லயத்தில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு பாட்டு விட்டுப் போகாமல் தொடர்ந்து கேட்கும். முதல் வீட்டில் ஆரம்பித்த பாட்டு கடைசி வீட்டில் முடியும். நமக்கு ரேடியோவே வேண்டாம், நடந்தால் போதும்.

நேயர் விருப்பத்துக்கு எழுதும் போஸ்ட் கார்டும் மேடைத் துண்டுச் சீட்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் பாட்டைவிடப் பெயர்கள் முக்கியம். தோட்டத்தின் பெயர் கோலாலம்பூர் அங்காசாபுரியிலிருந்து அறிவிப்பாளர் வாயால் கேட்கும்போது வரும் பெருமை தனி. பெரட்டில் கணக்கெழுதும் கிராணியார் வாயில் பேராக மட்டும் இருந்த ஒருவர், அன்றைக்கு நாடு முழுக்கக் கேட்கப்பட்டவர்.

கேசட் எண்பதுகளில் தோட்டமெங்கும் பரவி எல்லாவற்றையும் மாற்றியது. மலாக்கா டவுனில் ஜாலான் பெண்டஹாரா பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். ஆனால் தோட்டத்து ஆட்கள் மொத்தமாக வாங்குவது மாசி மகத்துக்கு. வெள்ளி ரதம் டவுனிலிருந்து செங்குக்குப் போகும். சன்னாசிமலை ஆண்டவரைப் பார்க்க அலோர் காஜா, மெர்லிமாவ், டுரியான் துங்கால் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கடை வரிசையில் பத்துப் பாட்டு ஒரே நேரத்தில் அலறும். எந்தக் கடையில் எந்தப் பாட்டு என்று பிரித்துக் கேட்க ஒரு பயிற்சி வேண்டும். அட்டையில் படம் மங்கியிருந்தால் அது திருட்டுப் பதிப்பு, விலையும் பாதி. 'ரஜினி ஹிட்ஸ்', 'எஸ்.பி.பி. ஹிட்ஸ்' என்று கடைக்காரர்களே தொகுத்த கேசட்டுகளில் இந்தப் பாட்டு இரண்டிலும் இருக்கும். திரையில் பாடுவது கமல் என்பதைத் தொகுத்தவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நாடா சிக்கினால் பென்சிலை நுழைத்துச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் கேசட்டில் முதல் சரணத்துக்குப் பிறகு பாட்டு ஒரு கணம் தண்ணீருக்குள் போய் மேலே வரும். இன்றைக்கும் சுத்தமான பதிவைக் கேட்கும்போது அந்த இடத்தில் காது தண்ணீரை எதிர்பார்க்கிறது.

அந்த வருடங்களில் உண்மையான தமிழ் இசைக்குழு ஒன்று இந்த நாட்டில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. ஆனால் அது தமிழில் பாடவில்லை. பினாங்கைச் சேர்ந்த ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும் முன்னின்ற அல்லிகேட்ஸ் குழு ஹாங்காங்கில் இரவு விடுதிகளில் வாசித்துவிட்டு, எழுபதுகளின் முடிவிலிருந்து மலாய்ப் பாட்டுகளால் நாட்டையே கட்டிப்போட்டது. தலை நிறையச் சுருட்டை முடி. வானொலியில் மலாய் அறிவிப்பாளர் 'லோகா' என்று சொன்னதும் லயத்துப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம்மவர், ஆனால் நம் பாட்டில்லை. தமிழில் பாட்டுக்குழு என்ற ஒன்று சினிமாவுக்குள் கற்பனையாக இருந்தது. நிஜமாக இருந்தது மலாயில் பாடியது. இந்த இடைவெளியில்தான் சந்துருவின் பாட்டு வந்து உட்கார்ந்தது என்பது என் கணிப்பு.

மலேசியாவிலிருந்து குரல் போனதும் உண்டு. இங்கே பிறந்து நாடகம், மேடைப் பாட்டு என்று இருந்துவிட்டுச் சென்னைக்குப் போன வாசுதேவன், 1977இல் '16 வயதினிலே' படத்தில் பாடி 'மலேசியா வாசுதேவன்' ஆனார். நாட்டின் பெயரையே முன்னால் சுமந்த பாடகர் தமிழில் வேறு யார்? 1980இல் எம்.எஸ்.வி. இசையமைத்த 'பில்லா'வில் வெத்தலை போட்டு ஆடும் பாட்டு அவருடையது. அந்தப் பாட்டின் பெயரை இங்கே எடுக்கக் காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுங்கள்.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் காலியாயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் தாமான் எனும் டவுன் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அந்தத் தலைமுறையின் வாயில் வந்தது ராப். கோலாலம்பூரின் யோகி பி, பொயட்டிக் அம்மோ என்ற குழுவில் நால்வரில் ஒருவராக ஆங்கிலத்திலும் பல மொழிகளிலும் ராப் பாடியவர்; அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு 1998இல் வந்தது. பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு யோகி பி அண்ட் நட்சத்திரா என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் 1980இன் 'நிழல்கள்' படத்துப் பாட்டான 'மடை திறந்து', புது உடம்பு எடுத்து வந்தது. இளையராஜா இசை, மேலே மலேசியத் தமிழ் ராப். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் அதை ஓயாமல் ஓட்டின. அதுவரை கேசட் அங்கிருந்து இங்கே வரும். முதல் முறையாகப் போக்குவரத்து திரும்பியது.

அடுத்த வருடம் வெற்றிமாறனின் முதல் படம் 'பொல்லாதவன்' வந்தது. 2007 நவம்பர் 8, தீபாவளி. படத்துக்கு ஜி. வி. பிரகாஷ் குமார் இசை. ஆனால் அதில் ஒரு பாட்டு யோகி பி. கைவைத்த 'எங்கேயும் எப்போதும்'. படத்தின் பெயரும் பழசுதான்: 1980இல் ரஜினி நடித்த 'பொல்லாதவ'னுக்கு இசை எம்.எஸ்.வி. அதே தீபாவளிக்கு வந்த 'அழகிய தமிழ் மகன்' படத்தில் 'பொன்மகள் வந்தாள்' மறுவார்ப்பாக இருந்தது. அதுவும் 1970இன் 'சொர்க்க'த்துக்கு எம்.எஸ்.வி. போட்டது. ஐந்து வாரம் கழித்து டிசம்பர் 14இல் அஜித்தின் 'பில்லா'. அதில் மலேசியா வாசுதேவனின் வெத்தலைப் பாட்டு புதிதாக ஒலித்தது. படத்தின் களம் முழுக்க மலேசியா. எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த எம்.எஸ்.வி.க்கு ஐந்தே வாரத்தில் மூன்று மறுபிறப்பு. யாரும் சேர்ந்து திட்டமிட்டதல்ல. சிறுவயதில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஸ்டூடியோ நாற்காலிகளுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கும் அஜித்தின் 'பில்லா'வுக்கும் நடுவில், நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மலாக்காவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பாட்டுக்கும் பேரணிக்கும் முடிச்சுப்போட நான் முயலவில்லை. ஆனால் அந்த மாதத்தை நினைத்தால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வருடம் ஜூன் 4இல்தான் அல்லிகேட்ஸின் லோகநாதன் ஆறுமுகமும் நுரையீரல் புற்றுநோயில் போனார்.

யோகி பி. தேர்ந்த இரண்டு பழைய பாட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எஸ்.பி.பி. பாடியவை என்பது மேலோட்டமான ஒற்றுமை. 'மடை திறந்து' பாடுகிறவன், இசையமைப்பாளனாகக் கனவு காணும் வேலையில்லாத இளைஞன். 'எங்கேயும் எப்போதும்' பாடுகிறவன் மேடைப் பாடகன். தமிழ்ச் சினிமாவில் பாடாத கதாநாயகன் இல்லை. ஆனால் பாட்டுக்காரனாகவே வாழ்ந்து, தன் பாட்டைப் பற்றியே பாடுகிற பாத்திரங்கள் குறைவு. ராப் என்பது 'நான் யார், என் பாட்டு எங்கிருந்து வந்தது' என்று சொல்லிக்கொள்ளும் கலை. படிப்பாலும் பட்டத்தாலும் பெரிதாக வழி திறக்காத ஒரு சமூகத்தின் பையன்கள், பாட்டால் மேலே வந்தவர்களைத் தேடிப் போய் எடுத்ததில் எனக்கு வியப்பில்லை. காதல் பாட்டுகள் ஆயிரம் கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு இந்த இரண்டையும் எடுத்தார்கள்.

மறுவார்ப்பைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளம் கனமாகியிருக்கிறது, பழைய பாட்டின் காற்றோட்டம் குறைந்திருக்கிறது. எம்.எஸ்.வி.யின் பதிவில் வாத்தியங்களுக்கு இடையே ஓர் ஆள் நடந்து போகலாம். புதியதில் கை நுழையாது. 2013இல் 'நினைத்தாலே இனிக்கும்' டிஜிட்டலில் மெருகேற்றித் திரும்ப வந்தபோது பழையதைச் சுத்தமாகக் கேட்டேன். முதல் சில நொடிகளிலேயே டிரம்ஸின் தோல் ஒலிப்பது தெரிந்தது. எங்கள் தோட்டத்து மேடையில் அந்த ஓசை ஒருநாளும் வந்ததில்லை. அங்கே டிரம்ஸ் பலகையையும் பீப்பாயையும் சேர்த்துத்தான் அடித்தது. ஆனால் நியாயத்தைச் சொன்னால், யோகி பி.யின் பதிப்பு இல்லாமல் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டு தெரிந்திருக்காது.

2015இல் 'கபாலி' படப்பிடிப்புக்கு ரஜினி மலாக்காவுக்கு வந்தார். டவுன் அல்லோலகல்லோலப்பட்டது. நரைத்த தாடியோடு வந்த அவரைப் பார்க்க நின்ற கூட்டத்தில், 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கப் பந்தயம் கட்டி, கார் கிடைக்கும் அல்லது விரல் போகும் என்று நடுங்கிய தீபக்கை நினைத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ரோல்ட் டாலின் கதையிலிருந்து வந்த காட்சி அது. பந்தயம் கட்டும் பெரியவராகப் பூர்ணம் விஸ்வநாதன். தோட்டத்தில் நாங்கள் தீக்குச்சியை வைத்து அதை விளையாடியிருக்கிறோம். பந்தயம் விரல் இல்லை, ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்.

சென்ற வருடம் ஜாசினில் ஒரு கல்யாண விருந்து. இசைக்குழு இல்லை, மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு ஒரு பையன். துண்டுச் சீட்டு ஒழிந்து, அவனுடைய கைப்பேசி எண்ணைத் திரையில் போட்டிருந்தார்கள். வாட்சப்பில் கேட்டால் போடுவான். எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு அதெல்லாம் சரிப்படவில்லை. பழைய தோட்டத்துக் குழுவில் டிரம்ஸ் அடித்தவர் அவர். கைத்துடைக்கும் தாளில் பேனாவால் இரண்டு வார்த்தை எழுதி, கீழே தன் பெயரும், இப்போது இல்லாத தோட்டத்தின் பெயரும், லயத்து எண்ணும் போட்டு மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பழசா புதுசா, அங்கிள்?"

"எதுல டிரம்ஸ் முன்னுக்குக் கேக்குதோ அதைப் போடு தம்பி," என்றார். அவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரண்டு கரண்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.